கூடுதல் மாடிக்கு மன்னிப்பு

அனுமதி வாங்கிய வரைபடத்தை மீறிக் கட்டிய கட்டடத்தை இடிக்காமல், கட்டணம் வாங்கிக்கொண்டு சட்டப்படி ஏற்பதை அரசாணைகள் வரன்முறைப்படுத்தல் என்கின்றன. கர்நாடகத்தில் இந்தத் திட்டத்துக்கு அக்ரம-சக்ரம என்று பெயர். நகர ஊரமைப்புச் சட்டத்தில் 2007இல் கொண்டுவந்த திருத்தத்தில் தொடங்கியது இது. பின்னர் நீட்டிய கெடுவின்படி, 2013 அக்டோபர் 19க்கு முன் எழுந்த கட்டடங்களில், குடியிருப்பு என்றால் 50 சதவீதம் வரையும் வணிகம் என்றால் 25 சதவீதம் வரையும் மீறலைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. 2016 டிசம்பரில் உயர் நீதிமன்றம் திட்டத்தை ஏற்றது. அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. நீதிமன்றத்தில் இது சட்டப் பிரச்சினை. பெங்களூரின் காக்ஸ் டவுன் போன்ற பழைய குடியிருப்பில், இரண்டு வீடுகளுக்கு நடுவே உள்ள சந்தில் நின்று பார்த்தால் வேறொன்று தெரியும்: மீறியவரை மன்னிக்கும் உரிமை யாருடையது?

காக்ஸ் டவுனும் அதன் அக்கம்பக்கமும் உருவானதில் இடைவெளிக்குப் பெரிய பங்கு உண்டு. 1898இல் பெங்களூருக்குள் பிளேக் நுழைந்தபோது தண்டு எனப்படும் கன்டோன்மென்ட் பகுதியின் நெருக்கமான தெருக்கள் கலங்கிப்போயின. மதராஸ் மாகாணத்திலிருந்து பட்டாளத்தோடும் வியாபாரத்தோடும் கட்டட வேலைக்கும் வந்து தங்கிய தமிழர்கள் நிறைந்த தெருக்கள் அவை. நோய் அண்டாத குடியிருப்பு வேண்டும் என்றுதான் 1906இல் ஃப்ரேசர் டவுன் தொடங்கப்பட்டது. அகலத் தெரு, வீட்டைச் சுற்றி வெற்றிடம், எலி வளை தோண்ட முடியாத தரை என்று அதைத் திட்டமிட்ட முறையைப் பற்றிப் பொறியாளர் ஜே. எச். ஸ்டீபன்ஸ் 1914இல் தனி நூலே எழுதினார். அதையடுத்த பகுதிதான் கலெக்டர் ஏ. ஆர். காக்ஸின் பெயர் தாங்கியது. எலிக்குப் பயந்து போட்ட விதி என்று இன்றைக்குச் சிரிக்கலாம். ஆனால் வெளிச்சம், காற்று, தீயணைப்பு வண்டி, கழிவுநீர்க் குழாய் என்று அந்த இடைவெளி செய்யும் வேலை குறையவில்லை. ஆள் கூடக்கூட அதிகமாகத்தான் ஆகியிருக்கிறது.

பெங்களூரில் எல்லாருக்கும் தெரிந்த அளவு முப்பதுக்கு நாற்பது அடி சைட். மதிலுக்கும் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் நடக்கும் அளவுக்கு விடவேண்டிய சந்துதான் செட்பேக். தரையடித் தொட்டியான சம்ப்பிலிருந்து மேலேறும் குழாய், மோட்டார், கேஸ் சிலிண்டர், துணி காயும் கொடி எல்லாம் அதற்குள்தான். முதல் மாடியில் பால்கனி என்று சொல்லி ஒன்றரை அடி வெளியே நீட்டுவார்கள். இரண்டாம் மாடியில் அந்தப் பால்கனியைச் சுற்றிச் சுவர் எழும்பி அறையாகிவிடும். நான்காம் மாடி வருவதற்குள், பக்கத்து வீட்டுச் சமையலறை ஜன்னலைத் திறந்தால் கதவு எதிர்ச்சுவரில் இடிக்கும். நண்பகலிலும் விளக்கைப் போட்டுக்கொண்டுதான் அங்கே காய் நறுக்க வேண்டும். அந்த ஜன்னலுக்குச் சொந்தக்காரரின் பெயர் வரன்முறை மனுவில் எங்கும் வராது.

மன்னிப்புக்கு ஆதரவான வாதங்களை அப்படியே ஒதுக்கிவிடவும் முடியாது. பக்கத்து ஜீவனஹள்ளியிலோ தொட்டிகுண்டாவிலோ இருபதுக்கு முப்பது சைட்டில் இருக்கும் குடும்பத்தில் மகனுக்குக் கல்யாணம் என்றால் மேலே ஓர் அறை வேண்டும். வரைபடம் போட்டு அனுமதி வாங்கும் அலைச்சலை நினைத்தால், தெரிந்த மேஸ்திரியைக் கூப்பிட்டு வேலையை முடித்துவிடுவதே சுலபம். முறைப்படாத சொத்துகளுக்கான பதிவேடாகிய பி-கட்டாவில் சொத்து இருந்தால் முறையாக அனுமதி வாங்குவதே பெரும்பாடு. போதிய வீடுகளைக் கட்டித் தராத அரசு, தானே கட்டிக்கொண்டவரைக் குற்றவாளி என்று சொல்வது கொஞ்சம் அதிகம்தான். அடுக்குமாடியில் வீடு வாங்கியவர் நிலைமை இன்னொரு விதம். மீறியவர் பில்டர், கையில் கடனோடு நிற்பவர் இவர். கேரளத்தில் மரடு அடுக்குமாடிகளை உச்ச நீதிமன்ற உத்தரவின்படி 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் வெடிவைத்துத் தகர்த்தபோது, உரிமையாளர்களுக்குத் தலா 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தரவேண்டியிருந்தது. சட்டம் வென்றது, குடியிருந்தவர்கள் வீட்டை இழந்தார்கள்.

இத்தனைக்கும் மறுபக்கம் ஒருவர் இருக்கிறார்: அனுமதித்த அளவோடு நிறுத்திக்கொண்டவர். மேலே இரண்டு மாடி எழுப்பியிருந்தால் வந்திருக்கும் வாடகை அவருக்கு இல்லை. அடுத்தவர் எழுப்பியதால் இருந்த வெளிச்சமும் போயிற்று. ஒவ்வொரு வரன்முறைத் திட்டமும் அவரை ஏமாளியாக்குகிறது. தமிழ்நாட்டு அனுபவம் இதைத் தெளிவாகவே காட்டியது. அங்கே நகர ஊரமைப்புச் சட்டத்தின் 113-ஏ பிரிவின்படி ஒரே ஒரு முறை என்று சொல்லி, 1999 பிப்ரவரி 28க்கு முந்தைய கட்டடங்களுக்கு வழிவிட்டார்கள். பிறகு கெடுவைத் திரும்பத் திரும்ப நீட்டினார்கள். 2006இல் சென்னை உயர் நீதிமன்றம் முதல் திட்டத்தை ஏற்று, நீட்டிப்புகளை மட்டும் ரத்து செய்தது. 2012இல் 113-சி பிரிவு வந்தது. கெடு 2007 ஜூலைக்கு நகர்ந்தது. மன்னிப்பு எப்படியும் வரும் என்று கட்டுபவருக்குத் தெரிந்துவிட்டால், கட்டணத்தை சிமென்ட், கம்பியோடு சேர்த்து ஒரு செலவாகத்தான் எழுதுவார். இதற்கிடையே, அனுமதிக்கு மேல் மாடிகள் எழுப்பியிருந்த தி.நகர் துணிக்கடைக் கட்டடம் ஒன்று 2017 மே 31 அன்று தீப்பற்றியது. ஒரு நாளுக்கு மேல் போராடியும் காப்பாற்ற முடியாமல் கடைசியில் இடித்தே தள்ளினார்கள்.

கட்டணம் யாருக்குப் போகிறது என்று பார்த்தால் சிக்கலின் வேர் தெரியும். பணம் மாநகராட்சிக்கு, இழப்பு பக்கத்து வீட்டுக்கு. கடன் கொடுத்தவர்தான் கடனைத் தள்ளுபடி செய்யலாம், தெருவில் போகிறவர் செய்ய முடியாது. வெளிச்சத்தை இழந்தவரைக் கேட்காமல் அந்த இழப்பை அரசு மன்னிப்பது இந்த இரண்டாவது வகை. பக்கத்து வீட்டுக்காரரிடம் சம்மதக் கையெழுத்து வாங்கச் சொல்லலாமே என்றால், பில்டரோடு மல்லுக்கட்ட முடியாத முதியவரிடமும் வாடகைக்கு இருப்பவரிடமும் அந்தக் கையெழுத்து எப்படி வாங்கப்படும் என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டாம். தீயில் மாட்டக்கூடிய விருந்தாளிக்கும், அடுத்த வருஷம் பி.ஜி.யில் வந்து தங்கப்போகும் பெண்ணுக்கும் சம்மதம் சொல்லும் வாய்ப்பே கிடையாது. 2010 பிப்ரவரி 23 அன்று பெங்களூரு கார்ல்டன் டவர்ஸ் தீ விபத்தில் ஒன்பது பேர் இறந்தார்கள். வெளியேறும் வழிகள் அடைபட்டிருந்தன. அத்தகைய மீறலை மன்னிக்கும் அதிகாரம் அரசுக்கும் இல்லை, அண்டை வீட்டாருக்கும் இல்லை.

ஆகவே சதவீதக் கணக்கு தவறான அளவுகோல். சின்ன வீட்டில் 50 சதவீத மீறல் என்பது யாருக்கும் இடைஞ்சல் இல்லாத ஒரு மொட்டைமாடி அறையாக இருக்கலாம். ஆறு மாடி விடுதியில் 10 சதவீதம் என்பது அவசரப் படிக்கட்டாக இருக்கலாம். மீறலால் யாருக்கு, எந்த அளவு கெடுதி என்பதைத்தான் அளக்க வேண்டும். 1,200 சதுர அடி வரையிலான சைட்டில் எழும் சிறு வீடுகளுக்கு ஓ.சி. எனப்படும் குடியேற்றச் சான்றிதழ் தேவையில்லை என்று 2025இல் கர்நாடக அரசு விலக்கு அளித்தது பாதிச் சரி. ஏழைக் குடும்பத்தையும் பில்டரையும் ஒரே தட்டில் வைக்காததால் சரி; முப்பதுக்கு நாற்பதிலும் செட்பேக்கை விழுங்க முடியும் என்பதைக் கவனிக்காததால் பாதி.

அந்த விலக்குக்குக் காரணமாக இருந்தது 2024 டிசம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு. மீரட்டில் எழுந்த வழக்கு அது. காலம் கடந்தது, அதிகாரிகள் சும்மா இருந்தார்கள் என்பதற்காக மீறல் முறையாகிவிடாது என்று நீதிபதிகள் சொன்னார்கள், ஓ.சி. பெற்ற பிறகே மின்சார, குடிநீர் இணைப்பு தரவும் உத்தரவிட்டார்கள். பெங்களூரில் மின் விநியோக நிறுவனமான பெஸ்காம் அதைப் பின்பற்றியபோது, வீட்டைக் கட்டி முடித்துவிட்டுக் கரண்டுக்குக் காத்து நின்றவர்கள் பெரும்பாலும் சாதாரணக் குடும்பங்கள். விற்றுவிட்டுப் போன பில்டருக்கு இருட்டு இல்லை.

தண்டனையின் பாரம் விழவேண்டிய இடத்தை அதே தீர்ப்பின் வேறு இரண்டு உத்தரவுகள் காட்டுகின்றன. அவற்றைப் பற்றிய பேச்சு குறைவு. மீறலுக்குத் துணைபோன அதிகாரிகள் மீது துறை நடவடிக்கை வேண்டும் என்பது ஒன்று. அனுமதித்த வரைபடத்தைக் கட்டுமானம் முடியும்வரை அந்த இடத்திலேயே எல்லாரும் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்பது மற்றொன்று. வரைபடத்தில் இரண்டு மாடி, சென்ட்ரிங் நிற்பது மூன்றாவதுக்கு என்றால், பக்கத்து வீட்டுக்காரர் அன்றைக்கே கேட்கலாம். கான்கிரீட் விழுவதற்கு முன் வேலையை நிறுத்தினால் பில்டருக்குப் பணம்தான் நஷ்டம். வீட்டை இழக்க அதில் இன்னும் யாரும் குடிவந்திருக்க மாட்டார்கள்.