மூச்சும் இரைச்சலும்

இறந்துபோன ஒருவரின் ஒலியைத் திருத்தும் உரிமை யாருக்கு உண்டு? பழைய ஜாஸ் இசைத்தட்டுகளைச் சுத்தம் செய்து மீண்டும் வெளியிடும் முயற்சிகளைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வருபவன் என்ற வகையில், இக்கேள்வி என்னை விட்டபாடில்லை. இசை ஆகுமா ஆகாதா என்ற மார்க்க விவாதத்துக்குள் நான் இங்கு நுழையவில்லை. அதில் எந்தப் பக்கம் நிற்பவருக்கும் இக்கேள்வி பொருந்தும். ஏனெனில் அடிப்படையில் இது அமானிதம் பற்றிய கேள்வி.

பென் வெப்ஸ்டர் (1909–1973) டெனர் சக்ஸபோன் கலைஞர். மெதுவான பாடல்களை அவர் வாசிக்கும்போது, சுரம் ஓய்ந்த பின்னரும் குழலுக்குள் மூச்சு மட்டும் சிறிது நேரம் ஓடிக்கொண்டிருக்கும். அந்த மூச்சை வைத்தே அவரை அடையாளம் காண்பார்கள். ஒலிநாடாவுக்கும் இயல்பாகவே ஓர் இரைச்சல் உண்டு. 'ஸ்ஸ்' என்று பின்னணியில் அது கேட்டுக்கொண்டே இருக்கும். வெப்ஸ்டரின் மூச்சும் நாடாவின் இரைச்சலும் ஒலியின் ஒரே பகுதியில் கலந்து கிடப்பவை. கணினியில் இரைச்சலை அளவுக்கு மீறி வழித்தெடுத்தால் மூச்சும் கூடவே போய்விடும். எதை இழந்தோம் என்பதைப் புதிதாகக் கேட்பவர் அறியவே மாட்டார்.

அப்படியானால் பழையதைத் தொடவே கூடாதா? அவ்வாறும் சொல்வதற்கில்லை. மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஒஃப் புளூ' 1959 மார்ச், ஏப்ரல் மாதங்களில் நியூயோர்க்கில் பதிவானது. ஜோன் கோல்ட்ரேன், கெனன்போல் அடர்லி என்ற இரு பெரும் சக்ஸபோன் கலைஞர்கள் அதில் வாசித்தனர். முதல் நாள் பதிவின்போது பிரதான நாடா இயந்திரம் சற்று மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாகப் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் சுருதி உயரும். இதனால் தட்டின் முதற் பக்கத்திலுள்ள மூன்று உருப்படிகளும், வாசிக்கப்பட்ட சுருதியைவிடச் சற்று மேலே ஒலித்தன. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக உலகம் அதையே மூலம் என்று கேட்டது. அன்று பாதுகாப்புக்காக இன்னோர் இயந்திரமும் ஓடியிருந்தது. அதன் நாடா சரியான வேகத்தில் இருந்தது. அதைக் கொண்டு 1992இல் பிழை திருத்தப்பட்டது.

இவ்விரண்டு திருத்தங்களையும் ஒரே தராசில் வைக்க முடியாது. கோல்ட்ரேன் விடயத்தில் திருத்தியவரின் கையில் இரண்டாவது சாட்சி இருந்தது. வெப்ஸ்டரின் மூச்சை நீக்குபவரிடம் இருப்பது அவருடைய ரசனை மட்டுமே.

இந்த வேறுபாடு நமக்குப் புதியதல்ல. இசையை ஹதீஸோடு ஒப்பிட நான் முனையவில்லை. ஹதீஸ் கலை அறிஞர்களின் நேர்மையிலிருந்து பாடம் படிக்கலாம் என்றே சொல்கிறேன். 'இப்படிச் சொன்னார்கள், அல்லது இப்படிச் சொன்னார்கள்' என்று ஓர் அறிவிப்பாளர் ஐயப்பட்டால், அந்த ஐயத்தையும் சேர்த்தே பதிந்தார்கள். வாசிக்கச் சரளமாக இருக்கட்டும் என்று அதை வெட்டவில்லை. ஓர் அறிவிப்பில் நேர்ந்த தவறை மற்றோர் அறிவிப்போடு ஒப்பிட்டே கண்டறிந்தார்கள். யாரிடமிருந்து யார் கேட்டார் என்ற ஸனதை ஒருபோதும் மறைக்கவில்லை. ஏடுகளைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையரும் பாடபேதங்களை வாசகருக்குக் காட்டியே சென்றார்.

மறுபதிப்பு இறுவட்டுகள் பலவற்றில் இந்த ஸனத் கிடையாது. எந்த நாடாவிலிருந்து எடுத்தது, அது மூலமா பிரதியா, எவையெல்லாம் நீக்கப்பட்டன என்ற விபரம் உறையில் இராது. 2008 ஜூன் மாதம் அமெரிக்காவில் யுனிவர்சல் ஸ்டூடியோ வளாகத்தில் தீப்பிடித்து மூலநாடாக்கள் பல எரிந்தன. இழப்பின் பாரதூரம் 2019இல் நியூயோர்க் டைம்ஸ் எழுதிய பின்னரே உலகறிய விவாதிக்கப்பட்டது.

'கலைஞர் உயிரோடு இருந்திருந்தால் இதைத்தான் விரும்பியிருப்பார்' என்பது திருத்துவோரின் வழக்கமான வாதம். சக்ஸபோன் கலைஞர் யூசுப் லதீப் (1920–2013) தமது இசைக்கு 'ஜாஸ்' என்ற பெயரை ஏற்கவில்லை. அதை வெளிப்படையாகவே சொல்லியும் வந்தார். இருந்தும் அவரது தட்டுகள் அந்தப் பெயரிலேயே விற்கப்பட்டன. உயிரோடிருந்தவரின் சொல்லையே கேளாத வியாபாரம், இறந்தவரின் விருப்பத்தை அறிந்ததாகச் சொல்வதை எப்படி நம்புவது?

கண்டியில் இருந்துகொண்டு இதையெல்லாம் ஏன் எழுதுகிறாய் என்று கேட்கலாம். 1958இல் டேவ் புரூபெக் குழுவும் 1963இல் டியூக் எலிங்டன் குழுவும் இலங்கைக்கு வந்து வாசித்திருக்கின்றன என்பதனால் மட்டுமல்ல. இதே சோதனை இப்போது நம் வீடுகளுக்கும் வந்துவிட்டது. ஈரம் மிகுந்த இந்த மலைநாட்டில் ஒலிநாடாக்களில் பூஞ்சணம் சீக்கிரம் பிடித்துவிடும். அக்குறணையிலும் கல்ஹின்னையிலும் அலுமாரிகளுக்குள் கிடக்கும் மௌலிது மஜ்லிஸ்களையும், வளைகுடாவுக்குத் தொழிலுக்குப் போனவர்கள் கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்பிய நாடாக்களையும் பேரப்பிள்ளைகள் கணினிக்கு மாற்றுகிறார்கள். நல்ல காரியம்தான். என் வாப்பா பைத் ஓதிய நாடா ஒன்றையும் என் சகோதரியின் மகன் அவ்வாறே மாற்றித் தந்தான். "மாமா, இப்ப நல்லாத் தெளிவா கேக்குது" என்றான். தெளிவாகத்தான் இருந்தது. அடிகளுக்கிடையில் வாப்பா இருமுவதும், தகரக் கூரையில் மழை விழுவதும் அதில் இல்லை. பழைய நாடா எங்கே என்று கேட்டேன். பத்திரமாக வைத்திருந்தான். ஆகவே எதுவும் கெட்டுப்போகவில்லை. அவன் அதை எறிந்திருந்தால், அந்த மழையில் இருமிக்கொண்டே ஓதிய மனிதரை அடுத்த தலைமுறை அறிந்திராது.

பழைய ஒலிகளைக் கையில் எடுப்பவர்களிடம் நான் கேட்பது மூன்று விடயங்கள்: மூலத்தை எறியாதீர்கள். சாட்சி இல்லாத இடத்தில் திருத்தாதீர்கள். செய்ததை எழுதி வையுங்கள். அமானிதத்தைப் பெற்றபடியே ஒப்படைப்பதுதான் முறை. துடைத்துக் கொடுப்பதானால், துடைத்தேன் என்று சொல்லியே கொடுக்க வேண்டும்.