மாசும் நினைவும்

காந்தத்தின் முன் இரும்பு அசைவதைப் பார்த்துத் தத்துவம் பேசியது நம் சைவ மரபு. மெய்கண்டாரின் சிவஞானபோதத்தில் ஐந்தாம் சூத்திரம் இந்த உவமையை எடுத்தாள்கிறது. காந்தம் தான் மாறாமல் இருக்க, அதன் சந்நிதியில் இரும்பு இயங்குகிறது. அப்படியே இறைவன் சந்நிதியில் உயிர் அறிகிறது. உவமைக்குள் காந்தம் மாறாத பொருள்தான். கல்லாகக் கையில் எடுத்தால், அதற்குள் மாற்றமும் மறதியும் நினைவும் உண்டென்று சென்ற நூற்றாண்டின் இயற்பியல் காட்டியிருக்கிறது. அதனால் மெய்கண்டாரின் உவமை பழுதுபடவில்லை. அதே கல், அதே மரபின் வேறொரு கேள்விக்கு வெளிச்சம் தருகிறது. மலம் என்னும் மாசு நீங்கிய உயிர், தான் இன்னாரென்ற தொடர்ச்சியை எதில் தாங்கி நிற்கிறது? மாசு அடியோடு அழிவதே தூய்மை என்று எண்ணிப் பழகிவிட்டோம். அந்த எண்ணம் தவறு, மாசு அழிய வேண்டியதில்லை, அதன் பிடி தளர்ந்தால் போதும் என்பதே என் வாதம்.

மேக்னடைட் என்னும் இரும்பு ஆக்சைடுதான் பழைய காந்தக்கல். அதன் பெரிய துகள் ஒன்றின் உட்புறம் பாத்தி கட்டிய வயலைப் போன்றது. ஒவ்வொரு பாத்தியிலும் அணுக்களின் காந்தத்தன்மை ஒரே திசை நோக்கி நிற்கும். அடுத்த பாத்தியில் திசை வேறு. இந்தப் பாத்திகளை டொமைன் என்பார்கள். இவை உண்டென்ற கருத்தை 1907இல் பியர் வைஸ் முன்வைத்தார். பாத்திகளுக்கு இடையிலுள்ள வரப்புகள் நகரக்கூடியவை. குறையே இல்லாத படிகமாக இருந்தால் அவை தடையின்றி நகர்ந்து, எல்லாத் திசைகளும் ஒன்றையொன்று ஈடுசெய்து, வெளியே காந்தம் ஏறக்குறைய எதுவும் மிஞ்சாது. பழைய காந்தம் தங்கி நிற்பதற்குக் காரணம், வரப்பு எங்கோ சிக்கிக்கொள்வது. இடம் தவறிய ஓர் அணு, ஒரு விரிசல், உள்ளே தேங்கிய இறுக்கம் என்று எதையாவது அது பற்றிக்கொள்கிறது. பெரிய துகளின் நினைவுக்கு இருப்பிடம் அதன் பழுதுதான்.

குளிரில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். சுமார் −143 டிகிரி செல்சியஸில், எந்தத் திசையில் நிற்கலாம் என்பதில் படிகத்துக்குள்ள விருப்பம் ஏறக்குறைய மறைந்துபோகிறது. வரப்புகள் அகன்று, பற்றியிருந்த பழுதுகளிலிருந்து கழன்றுகொள்கின்றன. −150 டிகிரியை ஒட்டி இன்னொரு மாற்றம். 1939இல் இதை ஆராய்ந்து விளக்கிய டச்சு அறிவியலாளர் வெர்வேயின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. கனசதுர ஒழுங்கு சற்றே சாய்கிறது, மின்கடத்தல் ஏறக்குறைய நூறில் ஒரு பங்காகச் சரிகிறது, படிகம் சாய்வு மாறிய இரட்டை அடுக்குகளாகப் பிரிகிறது, பாத்திகள் புதிதாக வரையப்படுகின்றன. பாறைகளில் பதிந்த பூமியின் பழங்காந்தத்தைப் படிப்பவர்கள் இதையே ஒரு கருவியாக்கிக்கொண்டார்கள். வெளிக்காந்தம் எட்டாத கூட்டுக்குள், ஓர் அங்குலம் தடித்த எரிமலைப் பாறைத் துண்டை −196 டிகிரியிலுள்ள திரவ நைட்ரஜனில் மூழ்கவைத்து, எடுத்து, அறைவெப்பத்துக்குத் திரும்ப விடுகிறார்கள். அண்மைக்காலத்தில் மெல்ல ஏறி, தளர்வாக ஒட்டியிருந்த காந்தத்தில் பெரும்பகுதி போய்விடுகிறது. ஆழப் பிடித்த பங்கு, குளிரில் இல்லாததுபோல் ஒடுங்கியிருந்து, வெப்பம் திரும்பியதும் பழைய திசையிலேயே எழுகிறது. கல் சுத்தமாகிவிட்டது, ஆனால் பழுதுகள் கல்லிலேயே இருக்கின்றன.

இங்கே வலுவான மறுப்பு ஒன்று உண்டு. சில பாக்டீரியாக்கள் தம் உடலுக்குள் மேக்னடைட் படிகங்களைச் சரம்போல வளர்க்கின்றன. பெரும்பாலும் அவை நானோமீட்டர் கணக்கில் சில பத்துகள் முதல் நூறு வரை அளவுள்ளவை. பழுது மிகக் குறைந்தவை. ஆயினும் காந்தத்தை உறுதியாகப் பிடித்து வைக்கின்றன. அப்படியானால் நினைவுக்குப் பழுது எதற்கு? அந்தத் துகளில் இரண்டாவது பாத்திக்கு இடமில்லை, ஆகவே நகர வரப்பும் இல்லை என்பதே விடை. அதன் சிறுமையும், சற்று நீண்ட அதன் வடிவமும், அது வரிசையில் நிற்கும் நிலையும் திசையைக் காக்கின்றன. இந்த மறுப்பு என் வாதத்தைத் திருத்துகிறது, தகர்க்கவில்லை. நினைவுக்கு வேண்டியது ஒரு குறைவு: அது வடுவாக இருக்கலாம், எல்லையாகவும் இருக்கலாம். வடுவும் எல்லையும் இல்லாத பெரும்படிகம் எதையும் நினைவில் வைப்பதில்லை. ஆணவம் என்ற மலத்துக்குச் சைவ சித்தாந்திகள் தரும் விளக்கம் இதனருகே வந்து நிற்கிறது: எங்கும் நிறைய வல்ல உயிரை அணுவளவாகக் குறுக்குவது ஆணவம்.

கல்லைக் கொண்டு உயிரை நிறுவலாமா என்று கேட்பவர்களுக்கு: நிறுவ முடியாது, நிறுவவும் நான் முயலவில்லை. பாறைக்கு அறிவில்லை, அதன் நினைவு, நினைப்பவர் இல்லாத நினைவு. ஆனால் மாசு இருக்கும் இடத்தில் தூய்மை இருக்க முடியாது என்று பொதுவாகச் சொல்பவருக்கு, இருக்க முடிந்த ஓர் இடத்தைக் காட்டினாலே போதும். இன்னும் கனமான கேள்வி அறத்தைப் பற்றியது. மாசைப் போற்றினால் தீமைக்கு இடம் கொடுத்ததாகாதா? மாசைப் போற்ற நான் சொல்லவில்லை. முத்தியிலும் ஆணவம் அழிவதில்லை, அதன் வலிமை மட்டுமே ஒடுங்குகிறது என்கிறது சைவ சித்தாந்தம். முழு விடுதலையைப் பேசவேண்டிய இடத்தில் இப்படிச் சொல்வது தயக்கம்போலத் தோன்றலாம். எனக்கு அது துல்லியமாகப் படுகிறது. நான் செய்த தவறு என்னில் வடுவாக இல்லாமல் துடைக்கப்பட்டுவிட்டால், மன்னிக்கப்பட்டவன் நான்தான் என்று சொல்ல யார் இருப்பார்? வடு இருந்தும் அது ஆளாமல் இருக்கும்போதுதான் நன்றிக்கு ஓர் இருப்பிடம் கிடைக்கிறது. தவத்திடம் நாம் கேட்க வேண்டியதும் அதுவே: மேலோட்டமாக ஒட்டியவை உதிர்ந்து, ஆழத்தில் ஏற்ற திசை மறுபடி எழும்படியான ஒரு குளிர்ச்சி.