நான்காம் வேற்றுமை காட்டும் நல்வழி

தாயில்பட்டியில் தாய் ஒருத்தி பட்டாசுக்குத் திரி வைக்கிறாள். யாருக்காக இவ்வுழைப்பு என்று வினவினால், ‘பிள்ளைகளுக்கு’ என்பாள். உழைப்பின் பயன் இன்னார்க்கு உரியது என்று காட்டும் ‘கு’ என்னும் சிற்றுருபே நான்காம் வேற்றுமை. வடநூலார் இதனைச் சதுர்த்தி என்பர்.

திருவஷ்டாக்ஷரத்தில் ‘நாராயணாய’ என முடிவில் நிற்பதும் இச்சதுர்த்தியே. ‘நாராயணனுக்கு’ என்பது அதன் பொருள். இது கைங்கரியப் பிரார்த்தனையைக் காட்டும் என்று பிள்ளை லோகாசாரியர் முமுக்ஷுப்படியில் அருளிச்செய்தார். பிரணவத்தின் அகாரத்திலோ இவ்வுருபு மறைந்து நின்று, ஆத்மா எம்பெருமானுக்கே உரியது என்று உணர்த்துகிறது.

அதே விருதுநகர் மாவட்டத்து ஸ்ரீவில்லிபுத்தூரில் அவதரித்த கோதை நாச்சியார், இப்பேருண்மையை ஆய்ச்சியர் வாயில் வைத்தருளினாள். திருப்பாவையின் முதற்பாசுரத்தில் ‘நமக்கே’ என்று பறையை எதிர்நோக்கியவர்கள், 29ஆம் பாசுரத்தில் ‘உனக்கே’ என்று அடிமை செய்ய நிற்கிறார்கள். உருபு ஒன்றே, உரிமை இடம் மாறிற்று!

விழாவுக்கு வந்த அத்தாயும் சந்நிதியில் மக்களுக்கு நலம் வேண்டலாம், குற்றமில்லை. தானும் தன் மக்களும் அவனுக்கே உரியவர் எனத் தெளிந்த நாளில், அவள் வைக்கும் திரியும் கைங்கரியமாகும்.

ஆண்டாள் திருவடிகளே சரணம்.