அழித்தவர் இல்லை, அழித்தது இருக்கிறது

மாமா இறந்த சில வாரங்களில் அத்தை அவருடைய பழைய லேப்டாப்பைக் கொடுத்தார். "போட்டோவெல்லாம் எங்கயோ போயிடுச்சுப்பா, எடுத்துக் குடு."

லினக்ஸில் ஒரு பார்ட்டிஷனும் கோப்பு மாதிரிதான். மவுன்ட் செய்யாமலே, டிடி கட்டளையால் முதல் பைட்டிலிருந்து கடைசி பைட் வரை நகலெடுக்கலாம். அந்த ஆழத்தில் ஃபோல்டர் கிடையாது, கோப்புக்குப் பெயர் கிடையாது, யார் படிக்கலாம் என்கிற அனுமதியும் கிடையாது. அனுமதியெல்லாம் ஃபைல் சிஸ்டம் போட்ட தாழ்ப்பாள். நான் தரையைத் தோண்டி உள்ளே போகிறவன். என்கிரிப்ஷன் இருந்திருந்தால் கதை வேறு. மாமா அதெல்லாம் போடவில்லை.

ஈஎக்ஸ்டி4-ல் ஒன்றை அழித்தால், அது எந்தெந்த பிளாக்குகளில் இருக்கிறது என்ற குறிப்புதான் போகிறது. உள்ளடக்கம், வேறொன்று வந்து அந்த இடத்தில் எழுதும் வரை அப்படியே கிடக்கும். (எஸ்எஸ்டி என்றால் ட்ரிம் பெரும்பாலும் துடைத்திருக்கும். இது சுழலும் வட்டு.) ஜேபெக் படங்கள் எஃப்எஃப் டி8 எஃப்எஃப் என்று தொடங்கும். ஃபோட்டோரெக் அதை வைத்தே படங்களைப் பொறுக்கிக் கொடுத்துவிட்டது. அத்தை கேட்ட வேலை அத்தோடு முடிந்தது.

நான் நிறுத்தவில்லை. யுடிஎஃப்-8-ல் தமிழ் எழுத்துகள் ஈ0 ஏஇ அல்லது ஈ0 ஏஎஃப் என்று தொடங்கும் மூன்று பைட்டுகள். அதைத் தேடினால் என்ன வரும் என்று ஒரு அரிப்பு, அவ்வளவுதான். வந்தது மாமா தன் மகனுக்கு எழுதிய கடிதம். பாதியில் அறுந்திருந்தது. நான்கு வரி படித்தேன். மன்னிப்பு கேட்கிற கடிதம்.

2003-ல் எம்.ஐ.டி. மாணவர்கள் கார்ஃபிங்கலும் ஷெலட்டும் 158 பழைய வட்டுகளை வாங்கி ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஆயிரக்கணக்கான கடனட்டை எண்கள் கிடைத்தன. அவர்கள் எண்ணிச் சொன்னார்கள். நான் வாசித்தேன். இந்த வித்தியாசம் அன்று ராத்திரி எனக்குத் தோன்றவில்லை.

அழிப்பது ஒரு முடிவா, வெறும் ஒழுங்குபடுத்தலா? சொல்ல முடியாமல் அழித்தாரா, நேரில் சொல்லிவிட்டு அழித்தாரா? பைட்டுகளில் அந்தத் தகவல் இல்லை. இறந்தவருக்கு என்ன அந்தரங்கம் என்று வாதாடலாம்தான். ஆனால் அழிக்கும்போது அவர் உயிரோடு இருந்தார். மறுபக்கம், கடிதம் யாருக்கோ அவனும் உயிரோடு இருக்கிறான். இவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் எனக்கு என்ன வேலை?

போன வாரம் அவனே போன் பண்ணினான். "மச்சான், அப்பா எனக்குன்னு எதாவது எழுதி வச்சிருந்தாராடா?"

"போட்டோ மட்டும்தான்டா தேடுனேன்" என்றேன். எடுத்த நகல் இன்னும் என் மேஜையில்தான் இருக்கிறது.