மகவின் சீவனாம்சத்திற்கு அளவு யாது?

பெற்றோர் பிரிந்து வாழுமிடத்து, மகவை உடன்வைத்து வளர்க்காத செல்வர் அதன்பொருட்டுப் பெருந்தொகை கொடுக்கக் கடமைப்பட்டவரோ என்னும் வினா இந்நாளிற் பெரிதும் எழுகின்றது. கூலியாளின் மகவுக்குச் சில ஆயிரமும் செல்வர் மகவுக்குச் சில இலக்கமும் விதித்தல் நடுவுநிலைமையாமோ என்பது ஈண்டு ஆராயற்பாலது.

முதற்கண் சட்டத்தின் வரலாறு நோக்குவாம். 1898-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 488-ஆம் பிரிவு, மகவைப் புறக்கணித்த தந்தையிடம் திங்கள்தோறும் பொருள் பெற்றுத்தர வழிசெய்தது. ஆயினும் அத்தொகைக்கு மேல்வரம்பும் கட்டிற்று. 1973-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 125-ஆம் பிரிவிலும் 500 ரூபாய் என்னும் வரம்பு நின்றது. கோடியுடையானும் அவ்வரம்பிற்குள் ஒளிந்துகொள்ளலாயினன். 2001-ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை நீக்கிற்று. 1956-ஆம் ஆண்டு இந்து மகவேற்பு, சீவனாம்சச் சட்டமோ தந்தை தாய் இருவரையும் கடமைப்படுத்தி, அளவு காணுங்கால் இருதிறத்தார் நிலைமையையும், வேண்டுவார்தம் நியாயமான தேவையையும் ஒருங்கே நோக்குக என்றது. இருதிறத்தாரும் தத்தம் சொத்தையும் கடனையும் பிரமாணப் பத்திரத்தில் வெளிப்படுத்தல் வேண்டும் என 2020 நவம்பர் 4-ஆம் நாள் உச்சநீதிமன்றம் பணித்தது.

நிலைமை, தேவை என்னும் இவ்விரண்டும் முரணாவோ? முரணும் என்பார் கூறுமாறு: உணவு, உடை, உறையுள், கல்வி, மருந்து என்பன எல்லா மகவுக்கும் ஒத்தன, தந்தை செல்வனாதலின் மகவின் வயிறு பெரிதாவதில்லை, தேவைக்கு மிஞ்சியது வளர்ப்பாரது போகத்திற்கே செல்லும் என்ப.

இக்கூற்றில் ஓருண்மை உளது. அதனைப் பின்னர்க் கூறுவாம். முடிபு மட்டும் பொருந்தாது. என்னை? பெற்றோர் ஒன்றியிருந்த காலத்து அம்மகவு அவர்தம் வாழ்விற் பங்குகொண்டிருந்தது. பிரிந்தது அவர் பிணக்கால். மகவு இழைத்த குற்றம் யாதுமில்லை. குற்றமில்லார்மேல் ஒறுப்பு விழுதல் முறையன்று.

மகவு வறுமையுறுதல் அதன் வினைப்பயனென்று வாளாவிருத்தலும் சைவர்க்கு ஆகாது. வினையை உயிர் நுகர்தல் உண்மையே. அதனைக் காட்டித் தன் கடமையை விடுத்தானோ, அவன் தனக்கு ஆகாமியம் ஈட்டினவனாவான். மேலும், உயிர் பெற்றோராற் படைக்கப்பட்டதன்று. உடம்பே அவர் வாயிலாக வந்தது. ஆகவே மகவு உடைமையன்று, அடைக்கலப்பொருள். அடைக்கலத்தைப் பட்டினியிடுதலும் பிழை. அதனைக் காட்டிப் பொருளீட்டுதலும் பிழை.

இனி, எளிமையாய் வாழும் செல்வரொருவர், “என் மகவும் எளிமையாய் வளர்க” என்பராயின் யாது செய்வது? அவர் சொல் ஏற்கத்தக்கதே. தாம் கூழுண்பார் மகவுக்கும் கூழிடின் வஞ்சனையில்லை. தாம் உயர்ந்த காரிற் செல்வோர் மகவின் பேருந்துக் கட்டணத்திற்குக் கணக்குக் கேட்பதோ சிக்கனமாகாது, அஃது உலோபமே. ஆதலின் கொடுப்பார் தமக்கெனச் செலவிடும் முறையே அளவுகோலாம்.

முன்னர் எஞ்சிய உண்மையைக் கூறுவாம். மிகுபொருள் கேடும் பயக்கும். உழைப்பறியாச் சிறாரையும், மகவைக் கருவியாக்கும் வளர்ப்பாரையும் அஃது உண்டாக்கும். அதன்பொருட்டுத் தொகையைக் குறைத்தல் தீர்வன்று. செல்லும் வழியை நெறிப்படுத்தலே தீர்வு. பள்ளிக் கட்டணத்தைப் பள்ளிக்கே செலுத்துக; வளர்ப்புக்கு வேண்டுவதை வளர்ப்பாரிடம் தருக; மிஞ்சியதை மகவின் பெயரால் வங்கியிலிட்டு, பதினெட்டு அகவை நிரம்பியபின் அதற்கே உரித்தாக்குக. இங்ஙனம் செய்யின் இருபாலார் ஐயமும் அகலும்.

எம்மூராகிய சங்கரன்கோயிலின் தலவரலாற்றில், சங்கன், பதுமன் என்னும் நாகர் இருவர் சிவபிரானே பெரியர், திருமாலே பெரியர் எனப் பிணங்கினர். கோமதியம்மை தவங்கிடக்க, இறைவர் இருபாதியும் ஓருருவாய்க் காட்சியளித்தனர். அவ்வுருவை வணங்கும் நாம், பிணங்கிய இருவரும் ஓருருவாய் நிற்குமிடம் அவர்தம் மகவே என்பதை மறத்தல் தகுமோ?

ஒன்று மட்டும் எத்தொகையாலும் தீராது. திங்கள்தோறும் பொருளனுப்பி முகங்காட்டாதிருப்பவர் சட்டத்தின் கடனையே தீர்த்தவராவர். பெற்றார் என்னும் பெயர்க்குரிய கடன் அவர்மேல் நிற்கும் என்க.