வழியனுப்பும் தீயும் வழிப்போக்கனும்

பிறர் வீட்டுத் திருநாளில் பயணிக்கு உரிய இடம் யாது? கண்டு நிற்பதோடு அவன் உரிமை முடிகிறதா, கலந்துகொள்ளவும் வழியுண்டா? 2024ஆம் ஆண்டில் மட்டும் மூன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட அயல்நாட்டார் ஜப்பானுக்குச் சென்றனர். இளவேனிலின் செர்ரிப் பூவுக்கும் கூதிரில் சிவக்கும் மேப்பிள் இலைக்கும் நாள் குறித்துக்கொண்டு செல்வோர் அவர்களுட் பலர். பூவைக் காண்பதில் வழக்கொன்றுமில்லை; மரம் எவருக்காகவும் பூப்பதில்லை. வினா கூர்மை பெறுவது ஆகஸ்டு மாதத்தில்.

நாட்டின் பெரும்பகுதியில் அம்மாதத்தின் நடுவே வருவது ஒபோன் என்னும் நீத்தார் விழா. முன்னோர் அந்நாள்களில் இல்லம் வந்து தங்கிச் செல்வதாக நம்பிக்கை. வெள்ளரிக்காயில் நான்கு குச்சிகளைச் செருகினால் குதிரை. கத்தரிக்காயில் செருகினால் பசு. வருகையில் குதிரையேறி விரைந்து வரட்டும், போகையில் பசுவின்மேல் மெல்லப் போகட்டும் என்பது கருத்து. பிரிய மனமில்லாதவர் சமைத்த ஊர்தி அது! ஆடி அமாவாசையிலும் மகாளயத்திலும் தென்புலத்தாரை நினைக்கும் நமக்கு இதற்கு உரை வேண்டுவதில்லை.

கியோட்டோ நகரில் ஆகஸ்டு 16ஆம் நாள் இரவு, அவர்களை வழியனுப்ப ஐந்து மலைகளில் தீ மூட்டுவர். 8 மணிக்குக் கிழக்கு மலையில் ‘பெரிது’ எனப் பொருள்படும் எழுத்து எரியத் தொடங்கும். மூன்றே கோடுகள்; அவற்றுள் நீண்டது 160 மீட்டர். 75 இடங்களில் விறகடுக்கி அதனை எழுதுவர். பிற மலைகளில் வேறு எழுத்துகளும், படகின் வடிவும், கோயில் வாயிலின் வடிவும் தொடரும். அரைமணி அளவில் ஒவ்வொன்றும் அடங்கிவிடும். மறைந்தவர் பெயரையோ, வாழ்பவரின் நோய் நீங்கும் வேண்டுதலையோ எழுதிய விறகுகளும் அத்தீயில் சேரும். கின்காகுஜி கோயில் வாயிலருகே சிறு தொகை கொடுத்து எவரும் எழுதித் தரலாம், அயலாருக்குத் தடையில்லை.

இவ்வளவில் விடை கிடைத்துவிட்டதுபோல் தோன்றும். 2011ஆம் ஆண்டு நிகழ்ந்தது அதனைக் கலைத்துவிடுகிறது. அவ்வாண்டு மார்ச் 11 அன்று எழுந்த ஆழிப்பேரலை, ரிக்குசென்தகாத்தா நகரின் கடற்கரையில் நின்ற ஏறத்தாழ 70,000 பைன் மரங்களுள் ஒன்றை மட்டுமே விட்டுச் சென்றது. வீழ்ந்த மரங்களின் விறகில், உறவினரை இழந்தோர் தம் நெஞ்சின் சொற்களை எழுதினர். கியோட்டோ மலைத்தீயில் அவை எரியவேண்டும் என்பது ஏற்பாடு. அணுக்கதிர் அச்சம் எழுந்தது. ஆய்வில் கதிரியக்கம் காணப்படவில்லை. ஆயினும் விழாக்குழுவினர் மறுத்துவிட்டனர். ஆகஸ்டு 8 அன்று அவ்விறகுகள் சொந்த மண்ணிலேயே எரிந்தன. கண்டனம் எழவே வேறு விறகு வரவழைத்தனர். அதன் பட்டையில் சீசியம் இருந்தமையால் அதுவும் கைவிடப்பட்டது.

கியோட்டோ மக்களைக் கல்நெஞ்சர் எனல் தகாது. தம் நீருக்கும் குழந்தைகளுக்கும் அஞ்சியவரை எளிதில் பழிப்பவர், அவ்வச்சத்துக்கு வெளியே வாழ்பவராகவே இருப்பர். எனினும், நெடுந்தொலைவிலிருந்து வந்த பயணியின் விறகு ஏறிய மலையில் சொந்த நாட்டுத் துயரினர் விறகு ஏறவில்லை என்பது உண்மை. காரணம் விளங்காததன்று. பயணியின் பெயர் ஊரிடம் எதனையும் கேட்பதில்லை. எரிந்து முடிந்ததும் அவன் ரயிலேறிவிடுவான். துயருற்றோரின் விறகோ தன் சுமையில் பங்கு கேட்டது. வேற்றூரில் குடியேறி வாழும் நாம் இதனை அறிவோம்: பொங்கலன்று வந்து இனிப்புண்ட அண்டைவீட்டாரும், சாவு வீட்டில் வந்து உடன்நின்ற அண்டைவீட்டாரும் நமக்கு ஒரே வரிசையினர் அல்லர்.

2020ஆம் ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும், பெருந்தொற்றுக் காலத்தில் கூட்டம் சேராதிருக்க, மலைகளில் சில புள்ளிகளில் மட்டுமே தீயிட்டனர். தொலைவிலிருந்து நோக்கியவருக்கு எழுத்தே புலப்பட்டிராது. முன்னோர் அன்றும் வழியனுப்பப்பட்டனர். காண்போர் இன்மையால் சடங்கு குறைவுபட்டதாக அவ்வூரார் கருதவில்லை. பயணிக்கு இதில் அவமதிப்பு ஏதுமில்லை என்பது என் எண்ணம். தன் பொருட்டு எரியாத தீயின்முன் நிற்பவன் அமைதியாக நிற்கலாம். ஒளிப்படக் கருவியை உயர்த்தாமலும் நிற்கலாம். எழுத விரும்பினால், வழியனுப்பத் தனக்கும் ஒருவர் உண்டா என்று எண்ணிப் பார்த்துப் பின் எழுதட்டும். மறுநாள் காலையில் நகரத்தார் மலையேறி எஞ்சிய கரியைப் பொறுக்கி, வெண்தாளில் சுற்றித் தம் வீட்டு வாயிலில் தொங்கவிடுவர்.