ஓடிய தொலைவும் எண்ணிய தொலைவும்

விற்கும் பொருளின் குறையை, வாங்குபவர் கேளாதபோதும் விற்பவர் சொல்லியாக வேண்டுமா? அறநூலார் பல நூற்றாண்டுகளாக அலசிய இக்கேள்வி, என்னிடம் ஒரு ஸ்பீடோமீட்டரின் வடிவில் வந்து சேர்ந்தது.

முப்பது வயதைத் தாண்டிய கார் அது. ஒருநாள் ஓடிக்கொண்டிருக்கையில் வேகமுள் இருமுறை துடித்துவிட்டுச் சுழியத்தில் படுத்துக்கொண்டது. அதன் கீழே கிலோமீட்டரை எண்ணும் சிறு சக்கரங்களும் நின்றுபோயின. வண்டியோ குறையின்றி ஓடியது. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அந்தப் 'பிறகு' வந்து சேரப் பதினான்கு மாதங்கள் ஆயின.

இன்ஜினின் ஒலியைக் கொண்டே வேகத்தை அறிந்துவிடுவேன் என்பது என் துணிபு. ஒருநாள் நான்குவழிச் சாலையில் என் மனைவி கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி கிலோமீட்டர் கற்களைக் கணக்கிட்டார். ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு 60 விநாடி ஆனால் மணிக்கு 60 கிலோமீட்டர். 72 விநாடி ஆனால் 50. நான் ஐம்பதில் செல்வதாக உறுதியாக நம்பியிருந்தேன். கடிகாரம் காட்டியது 51 விநாடி. அதாவது ஏறத்தாழ எழுபது! அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளே பட்டறைக்குச் சென்றேன்.

பழைய கார் வைத்திருப்போருக்கு உதவும் என்பதால் பழுது பார்த்த முறையைச் சற்று விரித்துரைக்கிறேன். 2014-இல் உற்பத்தி நின்ற அம்பாசிடர் போன்ற பழைய வண்டிகளில், கியர்பாக்ஸிலுள்ள ஒரு சிறு பல்சக்கரம் நீண்ட முறுக்குக் கம்பியொன்றைச் சுழற்றுகிறது. உறைக்குள் சுழலும் அக்கம்பியே கேபிள். அதன் மறுமுனை மீட்டருக்குள் ஒரு காந்தத்தைச் சுழற்றும். காந்தத்தை ஒட்டி, ஆனால் அதைத் தொடாமல், ஓர் அலுமினியக் கிண்ணம் இருக்கிறது. சுழலும் காந்தம் கிண்ணத்தில் மின்னோட்டத்தைத் தூண்டி அதைத் தன்னோடு இழுக்கப் பார்க்கும். மயிரிழை போன்றதொரு சுருள்வில் அதைத் தடுத்து நிறுத்தும். இரண்டும் சமன்படும் இடத்தில் முள் நிற்கிறது. ஜெர்மானியரான ஓட்டோ ஷுல்ட்சே 1902-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. தொலைவை எண்ணும் சக்கரங்களுக்கு இந்த நுட்பமெல்லாம் இல்லை. அவை அதே கம்பியோடு பல்லுக்குப் பல் பிணைந்தவை.

ஆகவே நோயை நாடுவது எளிது. எண்கள் ஓடி முள் மட்டும் கிடந்தால் குறை மீட்டருக்குள் இருக்கிறது. முள் நடுங்கினால் கேபிள் வறண்டிருக்கும், அல்லது எங்கோ மடிந்திருக்கும். இரண்டும் நின்றால் முதலில் கேபிளைத்தான் ஐயுற வேண்டும். அடுத்து கியர்பாக்ஸின் பல்சக்கரத்தை. மெக்கானிக் மீட்டரின் பின்புறம் கேபிளைக் கழற்றிவிட்டு வண்டியை மெல்ல நகர்த்தச் சொன்னார். கம்பியின் முனை அசையவில்லை. உருவினார், கீழ்முனைக்குச் சற்று மேலே அறுந்திருந்தது. புதுக் கேபிளின் கீழ்ப்பகுதிக்கு மட்டும் இலேசாகக் கிரீஸ் தடவினார். மேல்முனை வரை தடவினால் அது மீட்டருக்குள் ஏறி முள்ளைக் கெடுத்துவிடுமாம்.

முள் உயிர் பெற்றது. எண்களும் விட்ட இடத்திலிருந்து, 78,412 முதல், ஓடத் தொடங்கின. "இப்பவே வித்துடுங்க சார், கிலோமீட்டரும் கம்மியாத்தான் காட்டுது" என்றார் மெக்கானிக்.

விற்க எண்ணியிருந்தது உண்மைதான். அவ்வாரமே வண்டியைப் பார்க்க ஓர் இளம் ஆசிரியர் வந்தார். கதவைத் திறந்ததும் அவர் கண் சென்றது அந்த எண்ணின்மீது. முகம் மலர்ந்தது. அப்போதுதான் என் வாய் அடைத்துப்போனது.

எண்ணைப் பின்னோக்கித் திருப்புவது களவு, அதில் ஐயமில்லை. நான் எதையும் திருப்பவில்லையே! மீட்டர் பொய் கூறவில்லை, சில காலம் பேசாதிருந்தது, அவ்வளவுதானே? இப்படி எனக்காக நானே வழக்காடினேன். பஞ்சத்தில் தவிக்கும் ரோட்ஸ் தீவுக்குத் தானியம் கொண்டுவந்த வணிகன், பின்னால் வேறு கப்பல்களும் வருகின்றன என்பதைச் சொல்ல வேண்டுமா என்று சிசரோ கேட்டார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் புனித தோமாஸ் அக்குவினாஸ் அதே உவமையை எடுத்துக்கொண்டு இதை ஆராய்ந்தார். ஒற்றைக் கண் குதிரையை விற்பவன், விலையை அதற்கேற்பக் குறைத்திருந்தால், அக்குறையை வாய்விட்டுச் சொல்லக் கடமைப்பட்டவன் அல்லன். வாங்குபவனுக்கே அது தெரியும். வாங்குபவனுக்கு நட்டமோ ஆபத்தோ விளைவிக்கும் மறைவான குறையைச் சொல்லியே ஆக வேண்டும் என்பது அவர் முடிபு. என் குதிரைக்கு இரு கண்களும் பளிச்சென்று இருந்தன. அதுதான் சிக்கல்.

கேபிள் அறுந்தது என் செயலன்று. ஆனால் அதை அப்படியே விட்டு ஓட்டிய பதினான்கு மாதங்கள் என்னுடையவை. அந்த எண்ணை நம்பி ஒருவர் என் கண்முன் மகிழும்போது, அவர் நம்பிக்கை தவறென்று அறிந்தவன் அங்கே நான் ஒருவனே.

சொன்னேன். அவர் சினம் கொள்ளவில்லை. "எவ்வளவு ஓடியிருக்கும்?" என்றார். என் மனைவி வீட்டுச் செலவுக் குறிப்பேட்டை எடுத்துவந்தார். அம்மாதங்களில் போட்ட பெட்ரோலைக் கூட்டினோம்; 960 லிட்டர். லிட்டருக்கு 11 கிலோமீட்டர் என்று கொண்டால் சுமார் பத்தாயிரத்து ஐந்நூறு. அவர் ஐயாயிரம் ரூபாய் குறைத்துக் கேட்டார். சம்மதித்தேன், மனம் குளிர்ந்து சம்மதித்தேன் என்று எழுதினால் அதுவே இன்னொரு தவறான எண்ணாகிவிடும்.

புறப்படும்போது அவர் மீட்டரின்மேல் மீண்டும் குனிந்தார். "ஐந்து இலக்கந்தானே இருக்கிறது, ஐயா? 99,999 தாண்டினால் சுழியத்துக்கு வந்துவிடுமே. முப்பது ஆண்டு வண்டி. முன்பே ஒரு சுற்று முடிந்திருக்குமோ?"

நான் அந்தக் காருக்கு இரண்டாம் உரிமையாளன். நான் வாங்கிய நாளில் அது 41,000 சொச்சம் காட்டியது. அந்த எண்ணைக் கண்டு நானும் முகம் மலர்ந்தவன்தான். விற்றவரிடம் இதை நான் கேட்கவில்லை என்று அவரிடம் சொன்னேன்.